வினையும் மனையும்: உத்தியோகப் பெண்ணைக் கலை நோக்கிய முறை

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே, கடல்நீரேரியின் ஓரமாய் அமைந்த ஊர் கொழும்புத்துறை. பூநகரிக் கரைக்குத் தோணி சென்ற பழந்துறை என்றும், யோகர் சுவாமிகள் குடிலில் வாழ்ந்த இடம் என்றுமே அது பலராலும் அறியப்படுகின்றது. ஆயின் அவ்வூருக்கு வேறொரு முகமும் உண்டு. பொழுது புலருமுன் கைப்பையும் மதியச் சாப்பாட்டுப் பெட்டியுமாகப் பேருந்தை நோக்கி விரையும் பெண்களின் முகமே அது. ஆசிரியை, தாதி, வங்கி எழுதுவினைஞர், பிரதேச செயலக உத்தியோகத்தர் எனப் பலர் அவர்களுள் அடங்குவர். யாழ்ப்பாணத்து ஏனைய ஊர்களிற் போலவே இங்கும், கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றிற்கு நியமனம் பெற்ற ஆசிரியை நாள்தோறும் போக்கும் வரவுமாக 120 கிலோமீற்றருக்கு மேற் பயணஞ் செய்ய வேண்டியவளாகின்றாள். முதல் மணி அடிக்கும்போது அவள் வகுப்பில் நிற்க வேண்டுமாயின், அதிகாலை நான்கு மணிக்கு அவள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். அந்த அடுப்பை மூட்டுபவளும் பெரும்பாலும் அவளே.

இப்பெண்ணை நமது கலையும் இலக்கியமும் அறியாதன அல்ல. அறிந்தன, புகழ்ந்தும் பேசின. 'குடும்பத்தைத் தாங்கும் தூண்' என்றும் 'தியாகத்தின் திருவுருவம்' என்றும் அவளுக்குச் சூட்டப்பட்ட பட்டங்கள் பல. எனினும் அவள் செய்யும் தொழில் யாது, அதில் அவள் பெற்ற தேர்ச்சி எத்தகையது, அங்கு அவள் எதிர்கொள்ளும் அநீதி யாது, அத்தொழில் அவளுக்குத் தரும் மகிழ்ச்சி எத்தகையது என்ற வினாக்களை அக்கலைகள் எழுப்பியமை அரிது. அவள் வீட்டிற்குக் கொண்டுவரும் சம்பளம் காட்டப்பட்டது. அச்சம்பளத்தை ஈட்டிய உழைப்புக் காட்டப்படவில்லை. இக்குறை வெறும் கலைக்குறை மட்டுமன்று. வாழ்க்கையில் நிலவும் ஓர் அநீதிக்குத் துணைபோகும் குறையுமாகும். அதனைச் சில திரைப்படங்களினதும் சிறுகதை ஒன்றினதும் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதன் வேரைத் தேடுவோர் சங்க இலக்கியம் வரை செல்ல வேண்டும். பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடிய குறுந்தொகைச் செய்யுள் ஒன்றில், ஆணின் உயிர் அவன் மேற்கொள்ளும் தொழிலில் இருக்கின்றது என்றும், வீட்டில் உறையும் பெண்ணின் உயிர் அவ்வாணிடத்தே இருக்கின்றது என்றும் பொருள்படத் தோழி பேசுகின்றாள். வினை ஒருவர்க்கு, மனை மற்றவர்க்கு என்ற பிரிவினை இங்குக் காதலின் மொழியிற் கூறப்படுகின்றது. ஆயின் அதே சங்கச் செய்யுள்கள் வேறொன்றையும் காட்டுகின்றன. நெய்தல் நிலத்து மகளிர் உலரும் மீனைப் பறவைகளிடமிருந்து காக்கின்றனர், உப்பு விற்கின்றனர். குறிஞ்சி நிலத்து மகளிர் தினைப்புனம் காவல் செய்கின்றனர். புறநானூறு 'பருத்திப் பெண்டிர்' என நூல் நூற்கும் மகளிரைக் குறிப்பிடுகின்றது. அதியமானின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரின் புலமை ஒரு தொழிலேயன்றி வேறு யாது? எனவே பெண் வினை செய்யாதிருந்த காலம் என ஒன்று இருந்ததில்லை. அவள் செய்த வினைக்கு 'உயிர்' என்ற மதிப்பு வழங்கப்படவில்லை என்பதே உண்மை.

நவீன காலத்தில் இந்நிலை புதிய வடிவம் பெற்றது. 1824 இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையும் அதன்பின் எழுந்த ஏனைய பெண்கள் பாடசாலைகளும் யாழ்ப்பாணத்திற் படித்த மகளிர் வர்க்கம் ஒன்றை உருவாக்கின. படிப்பு உத்தியோகத்திற்கு வழி திறந்தது. ஆயினும் பெண் செய்யும் உத்தியோகம் அவளுடைய திருமணத்தோடு பிணைத்தே நோக்கப்பட்டது. இவ்விடத்து ஒரு வரலாற்றுச் செய்தி மனங்கொள்ளத்தக்கது. 1896 இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணி புரிவதற்கென வந்த கனேடிய மருத்துவர் மேரி இரத்தினம், தமிழர் ஒருவரை மணந்தமை காரணமாக, அவரை நியமித்த மிஷனாலேயே ஏற்கப்படவில்லை. அவருடைய மருத்துவ அறிவு குறைந்துவிடவில்லை. குறைந்ததாகக் கருதப்பட்டது அவருடைய 'தகுதி' மட்டுமே. கொழும்பிற் பணியைத் தொடர்ந்த அவர், 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். 1958 இல் மகசேசே விருதும் பெற்றார். ஒரு பெண்ணின் தொழிலை மதிப்பிடுவதற்கு முன் அவளுடைய இல்லறத்தை மதிப்பிடும் வழக்கம் ஓர் இனத்திற்கோ மதத்திற்கோ மட்டும் உரியதன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இனித் திரைப்படங்களை நோக்கலாம். உத்தியோகப் பெண்ணைத் தமிழர் மனத்தில் ஆழப் பதித்த படைப்பு 1974 இல் கே. பாலசந்தர் இயக்கிய 'அவள் ஒரு தொடர்கதை' என்பதில் ஐயமில்லை. சுஜாதா ஏற்ற கவிதா என்னும் பாத்திரம், துறவு பூண்டு குடும்பத்தைக் கைவிட்ட தந்தை, பொறுப்பற்ற குடிகாரத் தமையன், அவன் மனைவி மக்கள், விதவைத் தங்கை, பார்வையற்ற தம்பி ஆகிய அனைவரையும் ஒற்றைச் சம்பளத்தாற் காப்பாற்றுகின்றது. கவிதாவை விரும்பியவன் அவள் காத்திருக்கச் சொன்ன காலத்தில் விதவைத் தங்கையை விரும்பத் தலைப்படுகின்றான். கவிதா அவர்களை மணமுடித்து வைக்கின்றாள். இறுதியில் அவளுக்கென ஒரு மணமேடை அமைகின்ற வேளையிலே தமையன் கொல்லப்படுகின்றான். மணமகனைத் தன் இளைய சகோதரிக்கு விட்டுக்கொடுத்து, அவள் மீண்டும் அலுவலகத்துக்குப் புறப்படுகின்றாள்.

இப்படத்தின் சிறப்பை மறுப்பது நேர்மையாகாது. கவிதா வாய்திறவாத பதுமையல்லள். அவளுடைய நாவில் நெருப்புண்டு; தன்னை உறிஞ்சி வாழும் குடும்பத்தை அவள் நேருக்கு நேர் சாடுகின்றாள். அழுது வடியும் கதாநாயகிகளைக் கண்டு பழகிய தமிழ்த் திரைக்குச் சுஜாதாவின் இறுகிய முகமும் கூரிய சொல்லும் புதியன. குடும்பம் என்ற நிறுவனம் பெண்ணைச் சுரண்டவும் வல்லது என்பதைப் பொதுமக்கள் முன் துணிந்து கூறிய படம் அது.

ஆயின் கதையின் அமைப்பு அவளுடைய சொல்லுக்கு எதிராகச் செயற்படுகின்றது. கவிதாவின் கோபம் எவ்வளவு நியாயமானதாயினும் அது எதனையும் மாற்றுவதில்லை. அவள் விடுதலை பெறும் தருணம் நெருங்கும்போதெல்லாம் கதையாசிரியர் ஒரு விபத்தையோ ஒரு மரணத்தையோ கொண்டுவந்து அவளை மீண்டும் நுகத்திற் பூட்டுகின்றார். தியாகம் இங்குப் பாத்திரத்தின் இயல்பிலிருந்து பிறக்கவில்லை. கதைப்பின்னலின் தேவையிலிருந்து பிறக்கின்றது. தலைப்பே இதனை உணர்த்துகின்றது. தொடர்கதைக்கு முடிவு இருத்தலாகாது. அவளுடைய சுமைக்கும் முடிவு இருத்தலாகாது. இதனினும் முக்கியமான குறை, அவளுடைய அலுவலகம் பற்றியது. அங்கு அவள் மேலதிகாரியின் கண்ணிற் படுகின்றாள், தோழியுடன் உரையாடுகின்றாள். அவளுடைய மேசையின் மேலுள்ள வேலை யாது, அதில் அவள் வல்லவளா என்பன கதைக்கு வேண்டப்படவில்லை. அலுவலகம் வெறும் சம்பளம் சுரக்கும் ஊற்றாகவும், காதல் தோன்றும் களமாகவுமே எஞ்சுகின்றது. படம் பார்த்து வெளிவருபவன் கண்ணீர் சிந்துகின்றான். அவன் வீட்டில் எதையும் மாற்ற வேண்டிய அவசியத்தை உணர்வதில்லை. கண்ணீர் அவனுக்கு விடுதலை தந்துவிடுகின்றது.

இக்கதையின் சாயலைப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த வங்காளப் படமொன்றிற் காணலாம். ரித்விக் கட்டக் 1960 இல் இயக்கிய 'மேகே தாகா தாரா' அதுவாகும். அங்கும் ஒரு மகள், நீதா, குடும்பத்தைத் தாங்குகின்றாள். அங்கும் அவளை விரும்பியவன் தங்கையை மணக்கின்றான். ஆயினும் இரண்டிற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. கட்டக் காட்டும் குடும்பம் வங்காளப் பிரிவினையால் வேரிழந்து அகதிகள் குடியிருப்பில் ஒதுங்கிய குடும்பம். அவர்களுடைய தன்னலம் பிறவிக் குணமன்று. வரலாறு அவர்களுக்கு இழைத்த கொடுமையின் விளைவு. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறிய மக்களின் வழித்தோன்றல்களுக்கு இது விளக்க வேண்டாத செய்தி. இடப்பெயர்வு ஆண்களின் தொழிலைப் பறிக்கும்போது, வீட்டின் பாரம் படித்த மகளின் தோளில் வந்து தங்குவதை அவர்கள் கண்டவர்கள்.

மேலும் கட்டக் தியாகத்தைப் புகழவில்லை. நீதாவின் உடல் அதற்கு விலை கொடுக்கின்றது. காசநோயுற்று மலைநாட்டுச் சிகிச்சை நிலையத்திலிருக்கும் அவள், தன்னைக் காணவந்த தமையனிடம் தான் வாழ விரும்பியதைக் கதறிக் கூறும்போது, அக்கதறல் மலைகளெங்கும் எதிரொலிக்கின்றது. பாலசந்தரின் நாயகி சுமையோடு நடந்து செல்வதைக் கண்டு நாம் வியக்கின்றோம்; கட்டக்கின் நாயகி சுமையால் முறிவதைக் கண்டு நாம் குற்றவுணர்வு கொள்கின்றோம். தியாகம் ஒரு குற்றத்தின் மறுபெயர் என்பதைக் கட்டக் உணர்ந்திருந்தார். எனினும் நீதாவின் தொழிலும் அவர் கண்ணிற்குப் புலப்படவில்லை. அவளுடைய உழைப்பு அவளை அழிக்கும் ஒன்றாக மட்டுமே காட்டப்படுகின்றது.

உழைப்பு ஒரு பெண்ணை ஆக்கவும் வல்லது என்பதைக் காட்டிய படைப்பு, நரேந்திரநாத் மித்ராவின் கதையொன்றைத் தழுவிச் சத்யஜித் ராய் 1963 இல் இயக்கிய 'மகாநகர்' ஆகும். கல்கத்தாவின் கீழ் மத்தியதர வர்க்கக் குடும்பத்து மருமகள் ஆரதி, வங்கி ஊழியனான கணவனின் வருமானம் போதாமையால், பின்னல் இயந்திரங்களை வீடு வீடாகச் சென்று விற்கும் வேலையில் அமர்கின்றாள். கதவைத் தட்டுமுன் அவள் கொள்ளும் தயக்கம், முதற் சம்பளத்தைக் கையிற் பெற்றபோது முகத்திற் தோன்றும் ஒளி, இயந்திரத்தைப் பற்றிப் பேசப் பேச அவள் குரலில் ஏறும் உறுதி ஆகியவற்றை ராய் நுணுக்கமாக நோக்குகின்றார். இங்குத் தொழில் காட்சிக்கு வருகின்றது; அது ஒரு மனிதரை வளர்ப்பதும் காட்சிக்கு வருகின்றது.

அவ்வளர்ச்சியோடு வீட்டின் அதிர்வும் கூடவே காட்டப்படுகின்றது. ஓய்வுபெற்ற ஆசிரியரான மாமனார் மருமகளின் உழைப்பை ஏற்க மறுத்து, தம் பழைய மாணவர்களிடம் சென்று உதவி கேட்கின்றார். மருமகளின் சம்பளத்திற் கைவைப்பது இழிவு. மாணவனிடம் இரப்பது இழிவன்று என்ற அவருடைய தர்க்கம், நம் ஊர்களின் கௌரவத்தைப் பார்த்தவர்களுக்குப் புதியதாகத் தோன்றாது. வேலைக்குப் போகுமாறு தூண்டிய கணவனே பின்னர் அவளுடைய தன்னம்பிக்கையைக் கண்டு கலங்கி, வேலையை விடுமாறு வற்புறுத்துகின்றான். அவள் விலகல் கடிதத்தோடு சென்ற அன்று அவன் வங்கி மூடப்படுகின்றது. வேலையை விட வேண்டாம் என்று அவசரமாகத் தொலைபேசியிற் கூறுகின்றான். ஆணின் வசதிக்கேற்பத் திறந்தும் மூடியும் பழகிய கதவு பெண்ணின் உத்தியோகம் என்பதை இதனினுஞ் சுருக்கமாகக் கூறுதல் இயலாது.

படத்தின் உச்சம் இதற்குப் பின்னரே வருகின்றது. ஆரதியோடு பணிபுரியும் ஆங்கிலோ இந்தியப் பெண்ணான எடித், நோயுற்றிருந்த காலத்தில் வராதமையால், ஒழுக்கங் கெட்டவள் என்ற பழியோடு மேலதிகாரியால் நீக்கப்படுகின்றாள். குடும்பம் முழுவதும் தன் ஒருத்தியின் சம்பளத்தை நம்பியிருக்கும் அந்நேரத்தில், ஆரதி அதிகாரியிடம் எடித்தின் பொருட்டு நியாயங் கேட்கின்றாள். அவர் மறுத்தபோது தன் விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறுகின்றாள். இச்செயலைக் கவிதாவின் தியாகத்தோடு ஒப்பிடல் வேண்டும். இருவரும் இழக்கின்றனர். ஆயின் கவிதா தன் வீட்டாருக்காக இழக்கின்றாள். ஆரதி தன்னோடு உழைத்த மற்றொரு பெண்ணின் மானத்திற்காக இழக்கின்றாள். முன்னது குருதி உறவின் கடமை. பின்னது தொழிலிடத்திற் பிறந்த தோழமை. தொழில் ஆரதிக்குச் சம்பளத்தை மட்டும் தரவில்லை. வீட்டிற்கு வெளியே நியாயம் பேசும் குடிமகள் என்ற தகுதியையும் தந்தது. உத்தியோகப் பெண்ணைப் பற்றிய கலையில் இதுவே பெரும்பேறு எனலாம்.

ஆயினும் ராயும் காட்டாது விட்ட இடமொன்று உண்டு. அது சமையலறை. ஆரதி வெளியே சென்றபின் அவ்வீட்டு வேலைகள் மாமியாராலும் நாத்தியாலும் நிறைவேறிவிடுகின்றன. மகனின் ஏக்கம் காட்டப்படுகின்றது. அடுப்பின் முன் எவர் நிற்பது என்ற வினா எழுவதில்லை. இவ்விடைவெளியைப் பல ஆண்டுகளின் பின் நிரப்பியது அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்னும் சிறுகதை. 1988 இல் வெளிவந்த தொகுதி இக்கதையின் பெயரையே தாங்கியது. இராஜஸ்தானக் குடும்பமொன்றிற்கு மருமகளாகும் மீனாட்சி, பெரிய வீட்டின் மூலையில் ஒட்டவைத்தாற்போன்ற இருண்ட சமையலறையைக் காண்கின்றாள். அதன் சாளரத்திற்கு வெளியே மலைகள் தெரிகின்றன. அவ்விடத்தை விரிவாக்கலாம் என்ற அவளுடைய யோசனை ஏற்கப்படவில்லை. துணி உலர்த்தும் கொடிகள் கட்டப்பட்டு மலைகளும் மறைகின்றன. அவ்விருளறையின் அதிகாரத்திற்காகவே பெண்கள் ஒருவரோடொருவர் போட்டியிடுவதையும் அம்பை காட்டத் தவறவில்லை. சமையலறை பெண்ணின் சிறையாக மட்டுமன்றி, அவளுக்கு விடப்பட்ட ஒரே அரசாகவும் இருக்கின்றது. அதனாலேயே அதிலிருந்து வெளியேறுதல் கடினமாகின்றது. மீனாட்சி உத்தியோகப் பெண்ணின் வகைமாதிரியாகப் படைக்கப்பட்டவளல்லள். ஆயினும் கவிதாவும் நீதாவும் ஆரதியும் மாலையிற் திரும்பிவரும் வீட்டில் மாறாதிருப்பது எது என்பதை இக்கதை தெளிவாகச் சுட்டுகின்றது.

ஈழத்திலும் இவ்வுணர்வு எழுத்தாயிற்று. 1986 இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' என்னும் கவிதைத் தொகுதி, பெண்கள் தம்மைப் பற்றித் தாமே கூறத் தலைப்பட்டதன் அடையாளமாகும். அதே ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பிய ஒருவரின் வாழ்வு, இக்கட்டுரையின் பொருளுக்கு எந்தப் புனைகதையினும் நெருக்கமானது. இங்கிலாந்தின் லிவர்பூலில் உடற்கூற்றியலில் மேற்படிப்பை முடித்த மருத்துவர் ராஜினி திரணகம, இரு பெண் குழந்தைகளின் தாய். போர் நடந்த மண்ணில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்தவர். உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கியவர். 'முறிந்த பனை' நூலின் நான்கு ஆசிரியர்களுள் ஒருவராக, போரிற் சிக்கிய பெண்களின் அனுபவங்களை எழுதியவரும் அவரே. 1989 செப்ரெம்பர் 21 ஆம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியிற் சுட்டுக்கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 35.

இத்தகைய ஒருவரைப் பற்றிப் பேசும்போது, குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு தாய் இவ்வாறு திரும்பி வந்திருக்கலாமா என்ற வினா எளிதில் எழும். அதே துணிவைக் காட்டிய ஆணிடம் இவ்வினா எழுவதில்லை. அவனுடைய வினை அவனுடைய உயிர் என்று நாம் ஏற்றுக்கொள்கின்றோம். குறுந்தொகைத் தோழியின் கூற்று இருபதாம் நூற்றாண்டிலும் நம் நாவில் இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. ஒரு பெண் தன் தொழிலையும் தன் மக்களையும் ஒருங்கே நேசிக்க வல்லவள் என்பதை அவ்வாழ்வு காட்டிற்று. அதனை முழுமையாகக் காட்டும் தமிழ் நாவலுக்கான இடம் இன்னும் உண்டு.

கலை வாழ்வை அப்படியே மாற்றிவிடும் என்று எவரும் கூறார். ஆயின் எது இயல்பு, எது குறை என்ற உணர்வை அது உருவாக்குகின்றது. இலங்கையில் 1939 இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. தனியார் துறையில் முதலிரு குழந்தைகளுக்குப் பின் பிறக்கும் குழந்தைக்கும் முழுமையான 84 நாள் விடுமுறை கிடைக்க 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. சட்டம் அவ்வாறு மெல்ல நகர்ந்தது. குழந்தையைப் பராமரிப்பதும் சமைப்பதும் 'அவளுடைய வேலை' என்ற எண்ணமோ சட்டத்தின் கைக்கு எட்டாதது. அவ்வெண்ணத்தோடு மோத வேண்டியது கலையின் பொறுப்பாகும். தியாகத்தைப் பாடும் கலை அந்தப் பொறுப்பிலிருந்து நழுவுகின்றது. ஏனெனில் தியாகி என்று ஒருத்தியை வணங்கிய பின், அவளுடைய கையிலுள்ள அகப்பையை வாங்கிக்கொள்ள வேண்டிய தேவை எவருக்கும் எழுவதில்லை.

எனவே நமக்கு வேண்டுவது உத்தியோகப் பெண்ணைப் புகழும் இலக்கியமன்று. அவளை அறியும் இலக்கியம். கட்டக்கின் வரலாற்றுணர்வும், ராயின் தொழில் நோக்கும், அம்பையின் அடுப்படிக் கூர்மையும் ஒருங்கு சேர்ந்த ஒரு படைப்பு எழுமாயின், அதன் நாயகி கொழும்புத்துறையிலேயே கிடைப்பாள். அவள் காலைப் பேருந்தில் நின்றபடியே விடைத்தாள்களைப் புரட்டுபவள். பின்தங்கிய மாணவன் ஒருவன் கணக்கொன்றைச் சரியாகச் செய்தபோது உள்ளம் பூரித்தவள். சக ஆசிரியைக்கு நேர்ந்த அநீதியான இடமாற்றத்தைத் தட்டிக்கேட்க எண்ணித் தயங்குபவள். மாலையில் நீரேரிக் காற்று முகத்திற் படும்போது, வீட்டில் இன்னும் ஏற்றப்படாத அடுப்பை நினைப்பவள். அன்று அவ்வடுப்பை அவள் கணவனோ மகனோ ஏற்றி வைத்திருந்தால், அது தியாகமும் ஆகாது, பேருதவியும் ஆகாது. அவ்வீட்டில் உண்பவர் ஒருவர் செய்த வேலை, அவ்வளவே. அதனைச் சாதாரண நிகழ்ச்சியாக எழுதக்கூடிய நாள் வரும்போதுதான், வினை இருவர்க்கும் உயிர், மனை இருவர்க்கும் கடன் என்ற புதிய இலக்கணம் தமிழிற் தோன்றும்.